மெதுவாக மிதித்தால்தான் பரிசு!

பொங்கலுக்கு எங்கள் ஊரில் பெண்களுக்குக் கோலப்போட்டி, மியூசிக்கல் சேர் இவற்றோடு ஸ்லோ சைக்கிள் போட்டியும் வைத்தார்கள். கால் தரையில் ஊன்றக் கூடாது, பக்கத்துக் கோட்டைத் தொடக் கூடாது, கடைசியாக வருகிறவருக்குத்தான் பரிசு. 'தினமும் சைக்கிள் மிதிப்பவள்தானே' என்று தைரியமாகப் பேர் கொடுத்தேன். பேலன்ஸ் தவறுமோ என்று பயந்து நாலு மிதி மிதித்ததுதான் தாமதம், எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்து தோற்றுப் போனேன்!

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நான் என்றைக்காவது மெதுவாக சைக்கிள் ஓட்டியிருக்கிறேனா?

2007-ல் ப்ளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள்தான் எனக்கு முதல் சைக்கிள். பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். வழியில் பாலத்துத் திட்டில் பையன்கள் உட்கார்ந்து கேலி பேசுவார்கள். அந்த இடம் வந்தாலே கால் தானாக வேகம் பிடிக்கும். பொழுது இறங்குவதற்குள் வீடு சேர வேண்டும் என்ற பயம் வேறு. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கடை, மாவு மில், பிள்ளையின் பள்ளிக்கூடம். அதே வேகம், அதே பதைப்பு.

என் மகள் எட்டாம் வகுப்பு. அவளும் வேகம்தான். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மிதித்தால் சைக்கிள் நகராது. திரும்பி வரும்போது மிதிக்காமலே ஓடும். அந்தக் காற்றுக்காகவே காத்திருந்து, கூவிக்கொண்டு வருவாள். (திருச்சி ரோட்டில் லாரிகள் போகும், அங்கே மட்டும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பிரேக் கட்டையையும் நானே பார்த்துவிடுவேன்.) ஒருநாள் திட்டியபோது, "நீயும்தானேம்மா வேகமாப் போறே, உனக்கு ஜாலியா இருக்காதா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தார் 1991-லிருந்து கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்ததைப் படித்திருப்பீர்கள். அப்போது கலெக்டர் ஷீலாராணி சுங்கத். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்களாம். ஊர்வலம் என்றால் மெதுவாகத்தானே போயிருப்பார்கள்! ரேஷன் கடை மூடிவிடும் என்ற அவசரம் அன்றைக்கு யாருக்கும் இருந்திருக்காது.

இப்போது சாயங்காலம் அரைமணி நேரம் நானும் மகளும் குளத்துப் பக்கம் போகிறோம். மெதுவாக ஓட்ட அவள்தான் சொல்லித் தருகிறாள். சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தில் பார்க்க வேண்டும், பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே மிதிக்க வேண்டும், ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். நிஜமாகவே வேகமாகப் போவதைவிட இதுதான் கஷ்டம்.

முதல் நாள் எதிர்வீட்டு அக்கா, "ஏ அம்மிணி, டயர்ல காத்து இல்லையா? இத்தனை மெதுவாப் போறே?" என்று கேட்டார். "காத்து இருக்குதுங்க்கா, சும்மாதான் போறேன்" என்றேன். "சும்மாவா?" என்று ஒரு மாதிரி பார்த்தார். மாமியாரும், "சும்மா சுத்தறதுக்கா சைக்கிளு?" என்று முணுமுணுத்தார். ரெண்டு நாள் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் சாதத்தை வடித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நேற்று அதே எதிர்வீட்டு அக்கா, "லேடீஸ் சைக்கிள் பழகறதுக்கு எத்தனை நாளாகும் அம்மிணி?" என்று கேட்கிறார்!

- ஒரு வாசகி, சூலூர்.