ஆற்று மணல் போதாதா?
விழுப்புரத்தை ஒட்டித் தென்பெண்ணை ஓடும்போது, தரைமேல் வைக்கும் நீச்சல் தொட்டியின் வடிகட்டிக்குக் காசு கொடுத்து மணல் வாங்குவானேன் என்று திண்டிவனம் பக்கத்துத் தோட்டவீட்டுக்காரர் கேட்கலாம். கேள்வி நியாயம்தான், ஆனால் ஆற்று மணலில் பருமணலும் வண்டலும் கலந்திருக்கும். வண்டல் இடைவெளிகளை அடைக்கும், பருமணல் அழுக்கை விட்டுவிடும். வேண்டியது, சுமார் 0.45 முதல் 0.55 மி.மீ. வரை ஒரே சீராகச் சலித்த சிலிக்கா மணல். கொஞ்சம் அழுக்குப் பிடித்த மணல்தான் இன்னும் நன்றாக வடிகட்டும் என்பது வேடிக்கை. ஆகவே தினமும் அலச வேண்டாம்.

எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவினால் தண்ணீர் வீணாகுமே என்றால், அழுத்தமானி தொடக்க அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறியபின் கழுவினால் போதும். மோட்டாரைப் பெரிதாக வாங்காதீர்கள். வேகம் கூடினால் அழுக்கு மணலைத் துளைத்துத் தொட்டிக்கே திரும்பும். கிருமிக்குக் குளோரின் தனியே வேண்டும்.