ஆறு மணி நேரக் கெடுவும் இரவுப் பணி ஆய்வாளரும்

புது தில்லி: தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் 2022 நவம்பர் 23-ஆம் தேதி முடங்கின. வெளிநோயாளிகள் பதிவு முதல் ஆய்வக அறிக்கை வரை பல நாள்களுக்குக் காகிதத்தில் எழுதியே பணிகள் நடைபெற்றன. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல்கள் திறக்க இயலாதபடி பூட்டப்பட்டன என அந்த ஆண்டு டிசம்பரில் மாநிலங்களவையில் அப்போதைய இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் எழுத்துமூலம் தெரிவித்தார். கணினி வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்றும் அவர் கூறினார்.

அவையில் வைக்கப்படும் இத்தகைய பதில்களில் சர்வர்களின் கணக்கு உண்டு. அவற்றை இரவு பகலாகக் கண்காணிப்போரைப் பற்றிய குறிப்பைக் காண்பது அரிது.

சைபர் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பெரும்பாலும் மூன்று ஷிஃப்டுகளில் பணிபுரிகின்றனர். சர்வர்களிலும் இணையத் தடுப்பரண்களிலும் பதிவாகும் நடமாட்டங்கள் ஒரே திரையில் வந்து குவியும். சந்தேகத்துக்குரியவற்றை மென்பொருள் எச்சரிக்கையாக எழுப்பும். அவற்றில் மிகப் பல பொய் எச்சரிக்கைகள். கடவுச்சொல்லை மறந்த ஊழியர்கூட அதில் இடம்பெறுவார். ஆனால், பலமுறை தவறிய கடவுச்சொல் நள்ளிரவில் திடீரெனப் பொருந்துவதும், அடுத்த சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான கோப்புகளின் பெயர் மாறுவதும் வேறு கதை.

அந்நேரத்தில் சர்வரைத் துண்டிக்கும் அதிகாரம் முதல் நிலை ஆய்வாளருக்குப் பொதுவாக இருப்பதில்லை. மேல்நிலை அதிகாரியைத் தொலைபேசியில் எழுப்ப வேண்டும். மருத்துவமனை என்றால், துண்டித்தால் நோயாளிகள் பதிவு நிற்கும். துண்டிக்காவிட்டால் பூட்டு அடுத்த சர்வருக்குப் பரவும். எச்சரிக்கை பொய்யாகிவிட்டால் மறுநாள் விளக்கம் அளிக்க வேண்டியவரும் அவரே.

சைபர் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவின்படி, தாக்குதல் குறித்து ஆறு மணி நேரத்துக்குள் தகவல் அளிக்க வேண்டும். இந்தக் கெடு, தாக்குதல் தொடங்கிய நேரத்திலிருந்து அல்ல, அது கவனத்துக்கு வந்த நேரத்திலிருந்தே தொடங்குகிறது. கவனிக்க ஆளில்லாத நிறுவனத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. நடைமுறையில் இந்த உத்தரவின் பெரிய ஓட்டை இதுவே.

கணினிப் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்கவும் அதே உத்தரவு கூறுகிறது. பின்னர் விசாரணைக்கு வருவோர் முதலில் கேட்பது அவற்றைத்தான். எந்த எச்சரிக்கையை, எத்தனை மணிக்கு, யார் 'பொய்' எனக் குறித்து மூடினார் என்பது கண்காணிப்பு மையத்தின் பதிவிலும் இருக்கும்.