ஸ்க்ராட்ச் நிரலாக்கத்தில் செயற்குறிகளும் மாறிகளும்

ஸ்க்ராட்ச் என்பது கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி நிரல் அமைக்கும் மொழி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு இதை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. 3.0 பதிப்பு 2019-இல் வந்தது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் ‘காட்சித் தொடர்பு’ பாடத்தில் இது இடம்பெற்றுள்ளது. திரையில் பூனையை நடக்க வைப்பதை மாணவர்கள் சிறிது நேரத்தில் பழகிவிடுவார்கள். கணக்குச் செய்யச் சொல்லும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது.

கணக்கு ஊரில் நடப்பதாக இருந்தால் நல்லது. எம்.ரெட்டியபட்டி போன்ற அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மானாவாரி ஊர்களுக்கு மிளகாய் வற்றல் விற்பனையை எடுத்துக்கொள்ளலாம். மூட்டையின் எடை 26 கிலோ, வெறும் சாக்கின் எடை 1 கிலோ, கிலோ விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாக்கைக் கழித்தால் 25 கிலோ. கிடைக்க வேண்டிய பணம் 3,750 ரூபாய்.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் பச்சை நிறக் கட்டைகள். பெருக்கலுக்கு உடுக்குறியும் வகுத்தலுக்குச் சாய்கோடும் இருக்கும். ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு குழிகள் உண்டு. குழிக்குள் எண்ணையும் இடலாம், இன்னொரு கட்டையையும் செருகலாம். இங்கே அடைப்புக்குறி கிடையாது. உள்ளே இருக்கும் கட்டை முதலில் கணக்கிடப்படும், அவ்வளவுதான். ஆகவே கழித்தல் கட்டையைப் பெருக்கல் கட்டையின் இடக்குழியில் செருக வேண்டும். தாளில் எழுதும் வரிசைப்படியே கழித்தலை முதலில் வைத்து அதன் வலக்குழியில் பெருக்கலைச் செருகினால், 26-இலிருந்து 150 கழிந்து −124 வரும். வற்றலையும் கொடுத்துவிட்டு விவசாயி 124 ரூபாய் கடன்பட்டு நிற்பார்! இந்த விடையை ஆசிரியர் உடனே திருத்தாமல், எந்தக் கட்டை எதற்குள் இருக்கிறது என்று மாணவரையே பார்க்கச் சொல்வது மேல்.

அடுத்தது மாறி. இயற்கணிதம் படித்த மாணவர் இதைக் கண்டுபிடிக்க வேண்டிய எழுத்து என்று நினைப்பார். நிரலில் மாறி என்பது பெயர் ஒட்டிய டப்பா. ஒரு நேரத்தில் ஒரு மதிப்பு மட்டுமே அதில் இருக்கும், புதியது வந்தால் பழையது போய்விடும். ‘விலை’, ‘சாக்கு’, ‘மொத்தம்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். x, y என்று வைப்பதைத் தொடக்கத்தில் தவிர்க்கலாம். நாளை விலை 160 ஆனால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். மாறி எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை.

மாறிக்கான ஆரஞ்சு நிறக் கட்டைகளில் இரண்டு மிக முக்கியமானவை. ஒன்று, டப்பாவில் இருப்பதை நீக்கிப் புதிய மதிப்பை வைக்கும். மற்றொன்று, இருப்பதோடு கூட்டும். இந்த வேறுபாடு புரியாமல் மேலே போகக் கூடாது. இதே போன்ற மூன்று மூட்டைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு ‘மொத்தம்’ கணக்கிடும்போது, கூட்டும் கட்டையைப் பயன்படுத்தினால் 11,250 வரும். வைக்கும் கட்டையைப் பயன்படுத்தினால் கடைசி மூட்டையின் 3,750 மட்டுமே மிஞ்சும்.

கூட்டும் கட்டையைச் சரியாக வைத்தவரும் பச்சைக் கொடியை இரண்டாம் முறை அழுத்தும்போது திகைப்பார்: மொத்தம் 22,500 ஆகியிருக்கும். நிரல் ஓடி முடிந்தாலும் டப்பா தானாகக் காலியாகாது என்பதே காரணம். தொடக்கத்திலேயே மொத்தத்தை 0 ஆக வைக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடாமல், தவறு நடக்கட்டும் என்று விட்டுவிடலாம். 22,500-ஐப் பார்த்தவர் பிறகு மறப்பதில்லை.

விலையைக் கேட்டு வாங்கும் நிரலில் இன்னொரு பொறி உண்டு. பதிலாக ‘150 ரூபாய்’ என்று தட்டினால் ஸ்க்ராட்ச் அதை எண்ணாகக் கொள்ளாது. கணக்கில் அதன் மதிப்பு 0. பிழைச் செய்தியும் வராது. எண்ணை மட்டும் தட்ட வேண்டும். காலியாக விட்ட குழிக்கும் இதே கதிதான்.

அடுத்த பயிற்சியாக, மூட்டைக்குச் சராசரி வருமானம் காணச் சொல்லலாம்: ‘மொத்தம்’ வகுத்தல் ‘மூட்டைகள்’. மூட்டைகளின் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டே வர இன்னொரு மாறி வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். எண்ண மறந்து அது 0 ஆகவே இருந்தால், 11,250-ஐ 0-ஆல் வகுத்து, ‘முடிவிலி’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் திரை காட்டும்.