பல் தப்பினால் வால்வு வளையும்!

கிரேக்க நாட்டில் தெஸ்ஸலோனிகி என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே டாக்ஸி ஓட்டிப் பிழைத்த கிரிகோரியோஸ் சாகினிடிஸ் என்பவர் 1981-ம் ஆண்டில் ஒரு பழைய காரை வாங்கினார். அது 1976-ம் வருஷத்து மெர்ஸிடிஸ்-பென்ஸ் 240 டி, டீஸல் வண்டி. அவர் கைக்கு வரும்போதே 2 லட்சத்து 20 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடி முடித்திருந்தது. வேறொருவராயிருந்தால், "இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்?" என்று பேரத்தைக் குறைத்திருப்பார். ஆனால் 2004-ம் ஆண்டில், அந்த வண்டியைத் தயாரித்த கம்பெனியின் காட்சிசாலைக்கே அவர் அதைக் கொடுத்தபோது, அது ஓடியிருந்த தூரம் 46 லட்சம் கிலோ மீட்டர்! சந்திரனுக்கு ஏறக்குறைய ஆறு தடவை போய்த் திரும்புகிற தூரம்!

ஒரே எஞ்சின் அவ்வளவு தூரமும் இழுத்து விடவில்லை. அவர் மாற்று எஞ்சின்கள் வைத்துக் கொண்டு, ஒன்றை வண்டியில் பூட்டி ஓட்டினார்; மற்றது பட்டறையில் பழுது பார்க்கப்பட்டது. ஆகவே, அந்த வண்டியின் நீண்ட ஆயுளுக்கு இரும்பின் உறுதி மட்டும் காரணமல்ல. கழற்றியதைப் பிசகாமல் திரும்பப் பூட்டத் தெரிந்த கைகளும் காரணம்.

அந்த வண்டியில் இருந்தது ஓ.எம்.616 என்ற நான்கு சிலிண்டர் எஞ்சின். 240 டி வரிசையில் அடுத்து வந்து, 1980-களின் மத்தி வரை தயாரான வண்டிகளிலும் அதே எஞ்சின்தான். மொராக்கோ நாட்டின் ஊர்விட்டு ஊர் போகும் டாக்ஸிகளில் அது பல்லாண்டுகள் உழைத்தது. நம்மவர்களுக்கும் அது அந்நியமல்ல. புனாவின் பஜாஜ் டெம்போ கம்பெனி ஜெர்மன் கம்பெனியின் உரிமம் பெற்று இந்த எஞ்சினை இந்தியாவில் தயாரித்தது. 1987-ல் வெளிவந்த டெம்போ டிராவலர் வேனில் ஏறிப் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போனவர்கள், அது என்னவென்று தெரியாமலே அதன் 'தடதட' ஓசையைக் கேட்டிருப்பார்கள்.

இந்த எஞ்சினின் தலைப்பகுதியில் ஒரு தண்டு சுழல்கிறது. அதுதான் கேம் ஷாப்ட். அதைக் கழற்றி மாட்டுவது எப்படி, எங்கே ஆபத்து இருக்கிறது என்பது சுவையான விஷயம்.

தண்டின் வேலை என்ன?

எஞ்சினுக்குள் காற்று வரவும், எரிந்த புகை வெளியேறவும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வுகள் உண்டு. அவற்றை உரிய நேரத்தில் திறப்பது கேம் ஷாப்டில் உள்ள முட்டை வடிவ மேடுகள். மேடு சுற்றி வந்து ராக்கர் என்னும் சிறு நெம்புகோலைத் தள்ளுகிறது. ராக்கர் வால்வை அழுத்துகிறது. மேடு விலகியதும் வில் அதை மூடி விடுகிறது. கீழே கிராங்க் ஷாப்ட் இரண்டு தடவை சுற்றினால் மேலே கேம் ஷாப்ட் ஒரு தடவை சுற்றும். இரண்டையும் இணைப்பது சைக்கிள் செயினைப் போன்ற, ஆனால் இரட்டை வரிசையுள்ள உருக்குச் சங்கிலி. டீஸலைப் பீச்சும் பம்பையும் அதே சங்கிலிதான் ஓட்டுகிறது.

டீஸல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரிய வைப்பது அதன் தத்துவம். இந்த எஞ்சினில் காற்று 21-ல் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. அதற்காகப் பிஸ்டன் ஏறக்குறைய மேல் கூரையைத் தொடுகிற அளவுக்கு ஏறி வர வேண்டும். அந்த நேரத்தில் ஒரு வால்வு நன்றாகத் திறந்து தொங்கிக் கொண்டிருந்தால் என்ன ஆகும்? பிஸ்டன் அதை மோதும். வால்வு வளையும். சங்கிலி ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டாலே வண்டி கிளம்புவதற்கு முரண்டு பிடிக்கும், புகை கக்கும். பல பற்கள் தள்ளினால் ஒரே சுற்றில் நூற்றுக் கணக்கான ரூபாய் வேலை பல்லாயிரம் ரூபாய் வேலையாகி விடும்.

தண்டின் மேல்தான் பழியா?

காலையில் வண்டி எளிதில் கிளம்பவில்லை, இழுவை குறைந்து விட்டது என்றவுடன், "கேம் ஷாப்ட் போயிற்று" என்று சொல்லி விடுகிறவர்கள் உண்டு. அவசரப்படக் கூடாது. பல சமயங்களில் குற்றவாளி வேறு.

வால்வுக்கும் ராக்கருக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். 240 டி-யின் பிந்திய எஞ்சின்களில், குளிர்ந்த நிலையில் உள்வால்வுக்கு 0.10 மில்லி மீட்டர், வெளிவால்வுக்கு 0.30 மில்லி மீட்டர். முன்னது ஒரு காகிதத்தின் கனம்தான். வால்வு உட்காரும் இடம் நாளடைவில் தேயத் தேய, இந்த இடைவெளி அதிகமாவதில்லை, குறைகிறது. முற்றிலும் இல்லாமற் போனால் வால்வு முழுதாக மூடாது. காற்று கசிந்து, சூடு போதாமல், எஞ்சின் குளிரில் கிளம்ப மறுக்கும். டாப்பட் கவரைத் திறந்து, பீலர் கேஜ் வைத்து, ஒரு மணி நேரம் செலவழித்துச் சரி செய்தால் தீர்ந்து போகும் நோய் இது. இதற்காகத் தண்டை மாற்றுவது, தலைவலிக்குத் தலையை மாற்றுவது போலத்தான்.

இன்னொரு குற்றவாளி சங்கிலி. லட்சக் கணக்கான கிலோ மீட்டர் ஓடிய சங்கிலியின் கண்ணிகள் தேய்ந்து அது நீளும். நீண்டால் வால்வுகள் திறப்பதும் எண்ணெய் பீச்சுவதும் சற்றுத் தாமதமாகும். அதை அளப்பது எளிது. கேம் ஷாப்டின் முன் முனையிலும் அதைத் தாங்கும் முதல் தாங்கியிலும் அடையாளக் கோடுகள் உள்ளன. அவை இரண்டும் நேர்ப்படும்போது கீழே கிராங்க் புல்லியில் எத்தனை டிகிரி காட்டுகிறதோ அதுவே சங்கிலியின் நீட்சி. ஓரிரண்டு டிகிரி என்றால் கவலையில்லை. பத்தை நெருங்கினால் புதுச் சங்கிலி வேண்டும்.

மேடுகளின் முகத்தில் குழி விழுந்திருந்தாலோ, மேடு உயரம் குறைந்து மழுங்கியிருந்தாலோதான் உண்மையில் தண்டு கெட்டது என்று பொருள். அதற்குப் பெரும்பாலும் எண்ணெய்ப் பஞ்சமே காரணம். டீஸல் எஞ்சினின் எண்ணெய் கரி கலந்து சீக்கிரம் கறுத்து விடும். மாற்றாமல் ஓட்டினால் மேலே எண்ணெய் போகும் நுண்ணிய வழிகள் அடைபடும். எனவே வழியைச் சுத்தம் செய்யாமல் புதுத் தண்டைப் போட்டால், அதுவும் பழைய தண்டின் கதியையே அடையும்.

கழற்றும் முறை

முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றி விட வேண்டும். ஹீட்டர் பிளக்குகளை எடுத்து விட்டால் அழுத்தம் நீங்கி எஞ்சின் கையால் லேசாகச் சுற்றும். சுற்றுவதும் கிராங்க் ஷாப்டின் முன்புறப் போல்ட்டில் ஸ்பானர் போட்டுத்தான்; அது வழக்கமாகச் சுற்றும் திசையில்தான். பின்னோக்கிச் சுற்றினால் சங்கிலி தொய்ந்து பல் தாண்டக் கூடும்.

மேடு அழுத்தாத நிலைக்கு ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து ராக்கர்களைக் கழற்ற வேண்டும். எது எந்த வால்வுக்கு உரியதோ அந்த வரிசையிலேயே ஒரு பலகையில் அடுக்கி வைப்பது முக்கியம். ஒன்றோடொன்று உராய்ந்து பழகிய ஜோடிகள் அவை. இடம் மாற்றினால் ஒத்துப் போகா. ராக்கர்கள் எல்லாம் இறங்கி விட்டால் வால்வுகள் அனைத்தும் மூடி விடும். அதன் பிறகு பிஸ்டன் மோதும் பயமில்லை. திரும்ப ராக்கர்களை மாட்டும் போதுதான் அந்த ஆபத்து மீண்டும் வருகிறது.

இப்போது முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வந்து, கேம் ஷாப்டின் கோடுகளையும் நேர்ப்படுத்த வேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணியிலும் அதற்கு நேரான பல்லிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு. காலணா பெறாத இந்தப் பொட்டு காப்பாற்றிய எஞ்சின்கள் அநேகம்!

பிறகு சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை எடுக்க வேண்டும். சங்கிலி இறங்கும் பள்ளத்தை நல்ல துணியால் அடைத்து, சங்கிலியைக் கம்பியால் மேலே கட்டி விட்ட பிறகே பல் சக்கரத்தை இழுக்க வேண்டும். சக்கரத்தையும் தண்டையும் பூட்டுவது பிறை வடிவமான ஒரு சின்னஞ்சிறு சாவி. துணி அடைக்காத பட்டறையில் அது கைதவறி உள்ளே விழுந்ததென்றால், அதைத் தேடி எண்ணெய்த் தொட்டியையே இறக்க நேரிடலாம்.

தாங்கிகளின் போல்ட்டுகளை ஒரே பக்கமாகத் தளர்த்தாமல், எல்லாவற்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்தி, தண்டைத் தாங்கிகளுடன் அப்படியே மேலே தூக்கி விடலாம்.

மாட்டும்போது

புதுத் தண்டு போடுகிறவர் பழைய ராக்கர்களையே மாட்டினால் பணம் வீண். குழி விழுந்த ராக்கர் முகம் புது மேட்டைச் சில ஆயிரம் கிலோ மீட்டரில் அரித்து விடும். இங்கே சிக்கனம் பார்ப்பவர்கள்தான் இரண்டாவது தடவையும் செலவழிக்கிறார்கள்.

மேடுகளிலும் தாங்கிகளிலும் தாராளமாக எண்ணெய் பூசி உட்கார வைத்து, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் சமமாக இறுக்கிய பின், தண்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். வழுவழுவென்று சுற்ற வேண்டும். எங்கேயாவது பிடித்தால் ஸ்பானரின் பலத்தைக் காட்டாமல், கழற்றிக் காரணம் தேட வேண்டும். கோடுகள் நேர், பொட்டுக்குப் பொட்டு நேர் என்று பார்த்துச் சங்கிலியை ஏற்றுவது அடுத்தபடி.

டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்வது. அதைக் காலியாக மாட்டக் கூடாது. ஒரு கிண்ணம் எண்ணெயில் அமிழ்த்தி, காற்றுக் குமிழிகள் நிற்கும் வரை மெதுவாகப் பலமுறை அமுக்கி, நிரப்பியே பூட்ட வேண்டும். இல்லையேல் முதல் தடவை கிளப்பும்போதே சங்கிலி தொய்வாக ஆடும்.

ராக்கர்கள் ஏறிய பிறகு சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்க்க ஆசை வரும். அதை அடக்க வேண்டும். முதலில் கையால் இரண்டு முழுச் சுற்று. எங்கும் தடையில்லாமல் கோடுகள் மீண்டும் நேருக்கு வந்தால் நேரம் சரி. தடை தட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். கை வேகத்தில் தட்டினால் சேதம் குறைவு, மோட்டார் வேகத்தில் இடித்தால் மிஞ்சாது. பிறகு வால்வு இடைவெளிகளை அளந்து, பம்பின் நேரத்தையும் சரி பார்த்து, ஹீட்டர் பிளக்குகளை மாட்டலாம்.

கிளம்பியதும் சில விநாடிகள் மேலிருந்து வரும் 'டக் டக்' சத்தம், எண்ணெய் ஏறியதும் அடங்கி விடும். புதிய பாகங்கள் ஒன்றோடொன்று படிவதால் இடைவெளி மாறும். ஆகவே ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பின், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே டாப்பட் கவரைத் திறந்து பீலர் கேஜை மறுபடியும் ஒரு முறை எடுக்க வேண்டியிருக்கும்.