தேர்ச்சீலையும் தொம்பையும்

வைகாசிப் பிரம்மோற்சவத்தில் திருநள்ளாற்றுத் தேர்கள் வீதிக்கு வரும்போது எல்லோர் கண்ணும் சுவாமி மேல்தான் இருக்கும். கொஞ்சம் விலகி, தேரைச் சுற்றித் தொங்கும் துணிகளையும் பாருங்கள். தட்டையாகக் கட்டியிருப்பது தேர்ச்சீலை. உருளையாகத் தொங்குவது தொம்பை. உள்ளே வைத்த வளையங்கள்தான் அதன் வடிவத்தைக் காக்கின்றன. தேர் அசையும்போது அடியிலுள்ள பட்டைகளும் சேர்ந்து ஆடும்.

இவற்றிலுள்ள கிளி, தாமரை, யாளி எதுவும் தூரிகையால் தீட்டியதல்ல. வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்புத் துணிகளில் உருவங்களைக் கத்தரித்து, பெரும்பாலும் சிவப்பாக இருக்கும் அடித்துணியில் வைத்து, ஓரத்தை உள்மடித்துத் தைப்பார்கள். வீட்டு ஒட்டுப்போர்வைக்குக் கந்தலும் மீந்த துண்டும் போதும். சுவாமி காரியத்துக்குப் புதுத்துணிதான்.

யாளியின் கண்ணைக் கவனியுங்கள். ஒரு வெள்ளை வட்டம், அதன் மேல் சின்னக் கறுப்பு வட்டம், அவ்வளவுதான். கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கும் அந்த முழி தெரியும். நுணுக்கத்தைக் குறைக்கத் தெரிந்ததே இந்தக் கையின் கெட்டிக்காரத்தனம்.

தஞ்சாவூரும் கும்பகோணமும் இந்தத் தையலுக்குப் பேர்போனவை. ஒடிசாவில் பூரி ஜெகந்நாதர் தேருக்குப் பிப்பிலி ஊரார் தைப்பதும் இதே முறைதான். இப்போது வெல்வெட்டும் மினுங்கும் செயற்கைத் துணியும் புகுந்துவிட்டன. பருத்திச் சிவப்புக்கு அவை ஈடில்லை என்பது எங்கள் கட்சி. வெயிலிலும் மழையிலும் நைந்த துணியைக் கழற்றிவிட்டுப் புதிதாகத் தைத்துக் கட்டுவதே வழக்கம். அதனால்தான் பழைய தொம்பைகள் கண்ணில் படுவது அரிது.