அம்மா கட்டில் வரைக்கும் டவர் எட்டுமா?

நான் பத்தாம் வகுப்பு வரை படித்த சாதாரண இல்லத்தரசி. ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு போன் வாங்கித் தர நினைப்பவர்களுக்கு உதவுமே என்று எங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுகிறேன்.

அப்பா காலமான பிறகு அம்மா தேனி பக்கம் மலையடிவாரக் கிராமத்தில் தனியாகத்தான் இருக்கிறார். எங்களோட வந்துடுங்கம்மான்னு கூப்பிட்டால், "மாட்டை யாரு பாக்குறது?" என்று ஒரே பதில். கையில் ஒரு பழைய பட்டன் போன். அதுவும் திண்ணைக்கு வந்தால்தான் பேசும். போன மார்கழியில் நடுராத்திரி அம்மாவுக்கு மூச்சுத் திணறல். படுத்த இடத்திலிருந்து 108-க்கு அடித்தால் போகவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டிருக்கிறார். கேட்டதும் எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

குவைத்தில் இருக்கும் தம்பி, "நல்ல ஸ்மார்ட் போனா வாங்குக்கா, பணம் அனுப்புறேன்" என்றான். எல்லோரும் முதலில் போன் கடைக்குத்தான் போவார்கள். நான் முதலில் சிம்மைப் பார்த்தேன். என்ன விலை கொடுத்து வாங்கினாலும் டவர் எட்டாத இடத்தில் அது வெறும் டார்ச் லைட்டுதானே!

என் சிம், நாத்தனார் சிம், பக்கத்து வீட்டுப் பையனின் சிம், மூன்றும் மூன்று கம்பெனி. ஒரு சனி, ஞாயிறு அம்மா வீட்டில் தங்கி, மூன்றையும் என் போனிலேயே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மேலே தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி கோடு காட்டும். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' என்பதற்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். அதில் சிக்னல் அளவு மைனஸ் போட்டு எண்ணாக வரும். எண் சின்னதாக இருந்தால் நல்லது. மைனஸ் 90 என்றால் அருமை, மைனஸ் 115 என்றால் போச்சு. ப்ளஸ் டூ படிக்கும் என் மகள்தான் இதைக் காட்டிக் கொடுத்தாள்.

திண்ணை, அடுப்படி, கட்டில், மாட்டுக் கொட்டகை என்று நாலு இடத்தில் குறித்தேன். என் சிம் திண்ணையில் 88, கட்டிலில் 117! நாத்தனார் சிம் திண்ணையில் கொஞ்சம் குறைவுதான், ஆனால் கட்டிலில் 99. பையனுடையது இரண்டுக்கும் நடுவில். அம்மா வீட்டுக்கு மண் சுவர், மேலே தகரம். தகரம் சிக்னலைத் தடுத்துவிடும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி குறைந்த அலைவரிசைகள் சுவரைத் தாண்டி ஓரளவு உள்ளே வரும். 2300-ல் வருவது சுவரிலேயே சோர்ந்து போகும்.

நெட் வேகத்தை டிராய் அமைப்பின் 'மைஸ்பீட்' ஆப்பில் பார்த்தேன். பகலில் ஓடிய ஓட்டம் ராத்திரி 9 மணிக்கு இல்லை, ஊரே படம் பார்க்கும் நேரமாயிற்றே. அதனால் ராத்திரியில் கட்டாயம் சோதியுங்கள். டவுன்லோடு மட்டும் பார்த்தால் போதாது, அப்லோடையும் பாருங்கள். வீடியோ காலில் அம்மா முகம் தம்பிக்குப் போய்ச் சேர்வது அதில்தான்.

நாத்தனாருடைய கம்பெனிதான் என்று முடிவானது. ஆனால் அம்மாவின் பழைய நம்பர்தான் பாங்கிலும், கேஸ் புக்கிலும் இருக்கிறது. அதை மாற்றினால் எத்தனை அலைச்சல்! அதனால் நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனியை மாற்றினோம். ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, இடம் விட்டு, நம்பரைப் போட்டு 1900-க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். வரும் கோடு நம் பக்கம் 4 நாள்தான் செல்லும். பழைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் போன். கடைக்காரத் தம்பி, காமிராவைப் பற்றியே பேசினார். "தம்பி, எங்கம்மா மாட்டைத்தான் போட்டோ எடுக்கப் போறாங்க. பேண்ட் 5, 8, 28 இருக்கா, அதைச் சொல்லுங்க" என்றேன். திருதிருவென்று முழித்தார். "எல்லா போனும் ஒண்ணுதாம்மா" என்றார். ஒன்றே கிடையாது. கம்பெனியின் வலைத்தளத்தில் மாடல் பெயரைப் போட்டால் பேண்ட் பட்டியல் இருக்கும். 5ஜி நம் நாட்டில் 2022 அக்டோபரில் வந்தது. அம்மா ஊரில் நாங்கள் சோதித்தபோது 4ஜிதான் கிடைத்தது, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கவில்லை.

பணம் கொடுக்கும் முன் *#06# அடித்தேன். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். டப்பாவில் உள்ளதும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு அனுப்பினால், போனின் மாடலும், அது முடக்கப்பட்டதா என்பதும் பதிலாக வரும். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இதை விடவே கூடாது. கடையிலேயே நம் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசி, ஸ்பீக்கர் சத்தத்தையும் கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக, 'வோல்ட்டி' கால் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பார்த்தேன். 4ஜியில் பேச அது வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினேன். முகப்பில் போன், வாட்ஸ்அப், டார்ச் மூன்றுக்கு மேல் வைக்கவில்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கஷ்டம், அதனால் ஒவ்வொரு பெயருக்கும் போட்டோ. அவசர எண்ணாக என் நம்பரைப் பூட்டைத் திறக்காமலே அழைக்கும்படி வைத்தேன். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தினேன், இல்லாவிட்டால் நெட் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

பணம் அனுப்பும் ஆப் மட்டும் போடவில்லை. அம்மாவின் பென்ஷன் அந்த பாங்கில்தான் விழுகிறது. பணம் வாங்குவதற்கு பின் நம்பரோ, ஓ.டி.பி.யோ தேவையே இல்லை, கேட்டால் அது திருடன் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். ஏமாந்துவிட்டால் உடனே அடிக்க வேண்டிய 1930-ஐ சுவரில் கரியால் எழுதி வைத்தாயிற்று.

கடைசியாக, விளக்கை அணைத்து அம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். நான் தெருக்கோடிக்குப் போய் நின்றேன். இரண்டு நிமிடத்தில் என் போன் அடித்தது. "ஏண்டி, படுத்துக்கிட்டேதான் பேசுறேன், கேக்குதா?" என்றார் அம்மா. இரண்டு ராத்திரி இதையே செய்து பார்த்த பிறகுதான் ஊருக்குக் கிளம்பினேன். ரீசார்ஜ் 28 நாளைக்கு ஒருமுறை. அம்மா வீட்டுக் காலண்டரில் முடியும் தேதிகளில் எல்லாம் மஞ்சள் பொட்டு வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, சின்னமனூர்.