மாஸ்டர், இது எப்படிப் பண்றது?

வடசென்னையின் பழைய தேகப் பயிற்சிச் சாலைகளில் புதுப் பையன் இரும்பைத் தொட முடியாது. ஆஞ்சநேயர் படத்துக்கு ஒரு கும்பிடு, பிறகு தண்டால், பஸ்கி, வாரக்கணக்கில் அதுதான். கர்லாக்கட்டையை எப்போது எடுக்கலாம், பாரில் எந்தப் பிளேட்டை மாட்டலாம் என்பதெல்லாம் வாத்தியார் வாயிலிருந்து வரவேண்டும். முதுகு வளைந்தால் கேட்காமலே வந்து பளீரென்று ஒரு தட்டு. பயம் இருந்தது, ஆனால் அந்த ஒரு மனிதரிடம் மட்டும். எந்தச் சாமானை எப்படிப் பிடிப்பது என்று யாரும் முழித்துக்கொண்டு நின்றதில்லை.

அதற்காக அந்தக் காலத்தைக் கொண்டாடவும் முடியாது. பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வழியில்லை. நாற்பது வயதில் தொப்பையோடு போனவரைக் கிண்டலே துரத்திவிடும்.

இன்று சந்தா கட்டிய எவரும் உள்ளே போகலாம். ஏசி, காதைப் பிளக்கும் பாட்டு, சுற்றிலும் கண்ணாடி. வாத்தியார்தான் காணோம், 'பி.டி.' (பெர்சனல் டிரெய்னிங்) என்ற பெயரில் தனிக் கட்டணமாகிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், எடை கைதவறி மேலே விழாதபடி ஒரே தடத்தில் ஓடும் மெஷின்கள்தான் புதியவரை அதிகம் மிரட்டுகின்றன. லீவர் எது, பின்னை எங்கே செருகுவது என்று தெரியாமல், யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில், நேரே ட்ரெட்மில்லில் போய் ஒதுங்கிவிடுகிறோம். பெண்கள் நேரத்தில் வரும் ஐம்பது வயது அம்மாக்கள் பலருக்கு ட்ரெட்மில்தான் ஜிம். தசையை வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் 2 நாளாவது வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

மெஷினைப் பழகுவது, கேட்டால் ஐந்து நிமிட வேலை. லெக் எக்ஸ்டென்ஷனில் உங்கள் முழங்காலும் மெஷினின் கீலும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி சீட்டை நகர்த்த வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் உதைத்தால் மூட்டு நோகும். எந்தத் தசைக்கான மெஷின் என்று பக்கத்திலேயே படம் ஒட்டியிருக்கும். பிளேட்டே மாட்டாத ஒலிம்பிக் பாரின் எடை 20 கிலோ. புதியவருக்கு அதுவே சில சமயம் அதிகம். ட்ரெட்மில்லில் தொங்கும் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொண்டால், தடுமாறும்போது சாவி பிடுங்கிக்கொண்டு பெல்ட் நின்றுவிடும்.

யாரிடம் கேட்பது? தளத்தில் நிற்கும் டிரெய்னரிடம். அவர் போனில் மூழ்கியிருந்தால், அங்கே இருப்பவர்களில் பெரிய புஜக்காரரிடம். அவர் ஒரு செட் முடித்து எடையைக் கீழே வைத்ததும், "அண்ணா, இந்த சீட்டை எப்படி இறக்குறது?" என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தவரை, முறைப்பாக இருக்கும் அந்த ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் தனி ஆசை. பெஞ்ச் பிரஸ் போடுமுன் தலைமாட்டில் ஒருவரை நிற்கச் சொல்வதில் வெட்கமே வேண்டாம். பழகியவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு மெஷினையும் சந்தாவுக்குள்ளேயே காட்டிக்கொடுப்பீர்களா? மழுப்பினால், அங்கே வருடச் சந்தா கட்டாதீர்கள்.